பிறப்புக்கு முந்திய தீங்கு: சென்னையில் சாதி நாய்களின் இனப்பெருக்கமும் உடல்நலமும்

நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் உள்ள மெத்தைப் பகுதிகளைத் தவிர வேறெங்கும் அதன் வியர்வைச் சுரப்பிகள் உடலைக் குளிர்விக்கப் பயன்படுவதில்லை என்பதால், உடலில் சேரும் வெப்பத்தை அது பெரும்பாலும் மூச்சின் வழியாகவே வெளியேற்றியாக வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முறை அளவில் இருக்கும் அதன் மூச்சு வெயிலில் 300ஐத் தொடக்கூடும்; அவ்வாறு இரைக்கும்போது, மூக்கின் உள்ளே சுருள் சுருளாக மடிந்திருக்கும் மெல்லிய எலும்புகளின் மேல் படர்ந்த ஈரச் சவ்விலிருந்தும் தொங்கும் நாக்கிலிருந்தும் நீர் ஆவியாகி, அவற்றின் வழியே ஓடும் இரத்தம் குளிர்கிறது. இந்த ஏற்பாடு இயங்குவதற்கு இரண்டு தேவைகள் உண்டு. காற்று உள்ளும் புறமும் தடையின்றிச் சென்றுவர வழி இருக்க வேண்டும். சூழ்ந்திருக்கும் காற்று ஈரத்தை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது தேவையைக் கடலோரச் சென்னை ஆண்டின் பெரும்பகுதியில் நிறைவேற்றுவதில்லை. முதல் தேவையை, இந்நகரத்து வீடுகளில் விரும்பி வளர்க்கப்படும் சில நாயினங்களின் மண்டையோடு பிறவியிலேயே மறுத்துவிடுகிறது.

நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 பாகை செல்சியஸ் சென்னையின் உச்ச வெப்பமாகக் குறிப்பிடப்படுவது வழக்கம். ஆனால் நாயின் உடலுக்குப் பெருஞ்சுமையாவது அத்தகைய தனி நாள்கள் மட்டுமல்ல, கத்திரி வெயிலுக்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் நீடிக்கும் புழுக்கமும்தான். பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் மனிதருக்கு ஓரளவு ஆறுதல் கிடைத்தாலும், காற்றிலுள்ள ஈரம் கூடக்கூட இரைப்பினால் விளையும் குளிர்ச்சி குறைந்துகொண்டே போகிறது. தியாகராய நகரின் அடுக்குமாடி வீடுகளில் பகலெல்லாம் மின்விசிறியின் கீழும், இரவில் மட்டும் குளிரூட்டப்படும் ஓர் அறையிலும் காலம் கழிக்கும் நாய்க்கு மின்விசிறி மனிதருக்குத் தரும் பயனில் சிறு பங்கையே தருகிறது. வியர்வை இல்லாத உடலின் மேல் வீசும் காற்றுக்கு ஆவியாக்க ஏதுமில்லை.

தட்டை முகம் கொண்ட இனங்களில் இந்நிலை எவ்வாறு கடுமையாகிறது என்பதை உடற்கூற்றின் வழியே பார்ப்பது பயனுள்ளது. பக், பிரெஞ்சு புல்டாக், ஆங்கிலப் புல்டாக், ஷிட்ஸு போன்றவற்றில் முகத்தின் எலும்புகள் குறுகிப்போகும்படி பல தலைமுறைகளாகத் தேர்வு நடந்துள்ளது. ஆனால் அவ்வெலும்புகளைப் போர்த்தியிருக்கும் தசையும் சவ்வும் அதே அளவில் குறையவில்லை. விளைவாக, நாசித் துளைகள் கீற்றுகளாக ஒடுங்குகின்றன. மென் அண்ணம், அதாவது வாயின் மேற்கூரையில் பின்புறமாக உள்ள தசைப்பகுதி, தேவைக்கு மேல் நீண்டு குரல்வளையின் வாயிலை மறைக்கிறது. மூச்சுக்குழல் சிலவற்றில் உரிய அகலத்தை எட்டுவதே இல்லை. குறுகிய வழியே காற்றை இழுக்க நெஞ்சு மேலும் மேலும் பாடுபடுவதால் ஏற்படும் உறிஞ்சல் அழுத்தம், காலப்போக்கில் குரல்வளையின் சவ்வுகளையே உள்நோக்கி இழுத்து வழியை மேலும் அடைக்கிறது. இவை அனைத்தும் சேர்ந்த நிலையையே கால்நடை மருத்துவர்கள் குறுந்தலை மூச்சுத்தடை நோய்த்தொகுதி என்கின்றனர். இரைப்பினால் உடல் குளிர்வதற்கு மாறாக, இரைக்கும் முயற்சியே மேலும் வெப்பத்தை உண்டாக்கும் அளவுக்குத் தடை முற்றும்போது, உடல் வெப்பம் 41 பாகையைத் தாண்டி, குடல், சிறுநீரகம், மூளை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்கின்றன.

லண்டனிலுள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி, பிரிட்டனின் மருத்துவமனைகளில் நாய்களுக்குப் பதிவாகும் நோய்க்குறிப்புகளைத் திரட்டிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. 2022இல் வெளியான அதன் ஆய்வின்படி, பக் இன நாய்களுக்கு இந்த மூச்சுத்தடை நோய் கண்டறியப்படும் வாய்ப்பு மற்ற நாய்களுக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ 54 மடங்கு. உடல்நலக் கோணத்தில் பக்கை இனி இயல்பான ஒரு நாயாகக் கருத முடியாது என்ற முடிவுக்கும் அவ்வாய்வாளர்கள் வந்தனர். அதே ஆண்டில் வெளியான ஆயுள் அட்டவணை ஒன்று, பிரிட்டனில் நாய்களின் பிறப்புநிலை ஆயுள் எதிர்பார்ப்பு சராசரியாக 11.2 ஆண்டுகள் என்றும், பிரெஞ்சு புல்டாகுக்கு அது 4.5 ஆண்டுகள் மட்டுமே என்றும் கணித்தது. அந்நாட்டில் வெப்பத்தால் நோயுற்ற நாய்களைப் பற்றிய 2020ஆம் ஆண்டு ஆய்வில், லாப்ரடாரை அடிப்படையாகக் கொண்டு ஒப்பிட்டபோது சௌ சௌ இனத்துக்கு 17 மடங்கும், புல்டாகுக்கு 14 மடங்கும் கூடுதல் இடர் காணப்பட்டது. இவை குளிர்நாடு ஒன்றின் கணக்குகள் என்பதைச் சென்னை வாசகர் மறந்துவிடலாகாது.

இத்தகைய நாயை வளர்ப்பவர் அன்பற்றவர் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பெருந்தவறு. பக்கின் குறட்டையையும் உண்ணும்போது எழும் கொர்கொர் ஒலியையும் அந்த இனத்தின் செல்லக் குணமாகவே குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மூச்சுத்தடை உறுதிசெய்யப்பட்ட நாய்களின் உரிமையாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர், 58 விழுக்காட்டினர், தம் நாய்க்கு மூச்சுக் கோளாறு எதுவும் இல்லை என்றே கருதினர். அந்த இனத்துக்கு அதுவே இயல்பு என்று பழகிவிட்ட கண்ணுக்கு நோய் புலப்படுவதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தும் கேளாமல் போகும் இந்த ஒலியே இவ்விவாதம் முழுவதிலும் மிகக் கடினமான பகுதி. கொடுமை என்றால் அதைச் செய்யும் கொடியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது குலைத்துவிடுகிறது.

பக் இந்தியாவில் அறியப்படாத நாயாக இருந்து வீதிதோறும் காணப்படும் நாயாக மாறியதற்கு 2003இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனம் வெளியிட்ட விளம்பரங்களுக்குப் பெரும் பங்குண்டு. சிறுவனின் பின்னே விடாமல் நடக்கும் அந்தச் சிறு நாய், நிறுவனம் வோடஃபோன் என்று பெயர் மாறிய பின்னும் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் தொடர்ந்தது. தேவை திடீரென உயர்ந்தபோது அதை நிறைவு செய்ய இருந்தவை நாட்டிலிருந்த சில பக்குகள் மட்டுமே என்பதால், உறவு நெருங்கிய நாய்களை மீண்டும் மீண்டும் இணைசேர்ப்பது வணிகத்தின் தன்மையிலேயே அடங்கிவிட்டது.

நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ப்பதன் விளைவை அளக்க மரபியலாளர்கள் உட்கலப்புக் கெழு என்ற அளவைப் பயன்படுத்துகின்றனர். ஒரு குட்டி தன் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெறும் மரபணுப் படிகள் இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும் வாய்ப்பே அது. உடன்பிறந்த இரு நாய்களின் குட்டிக்கு அது 25 விழுக்காடு. உடன்பிறந்தார் இருவருக்குத் தனித்தனியே பிறந்தவை இணைந்தால் பிறக்கும் குட்டிக்கு 6.25 விழுக்காடு. ஒவ்வோர் உயிரிலும் சில கெடுதலான மரபணுக்கள் ஒளிந்தே இருக்கின்றன. ஒரே வகையான கெட்ட படி இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும்போதுதான் அவற்றில் பெரும்பாலானவை நோயாக வெளிப்படும். 227 இனங்களைச் சேர்ந்த 49,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, இனங்களின் சராசரி உட்கலப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு என்று கண்டது. தெரியாமலேயே, உடன்பிறந்தாரை இணைசேர்த்ததற்கு நிகரான நிலையில் சாதி நாய்களின் சராசரி நிற்கிறது என்பது இதன் பொருள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் பிரிட்டனின் வம்சாவளிப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, அந்நாட்டிலிருந்த சுமார் 10,000 பக்குகளின் மரபணுப் பன்மை வெறும் 50 நாய்களுக்கு உரிய அளவே என்று தெரியவந்தது.

இந்தச் சுருக்கம் விபத்தாக நேரவில்லை. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த நாய்க் கண்காட்சியும், 1873இல் லண்டனில் தோன்றிய கென்னல் கிளப்பும் புதிய வழக்கம் ஒன்றைத் தொடங்கிவைத்தன. அதுவரை வேட்டைக்கோ மந்தைக்கோ காவலுக்கோ என்று செய்யும் வேலையால் தேர்ந்தெடுக்கப்பட்டுவந்த நாய்கள், அதன் பிறகு எழுதிவைக்கப்பட்ட தோற்ற வரையறையால் தேர்ந்தெடுக்கப்பட்டன. பதிவேட்டில் இடம்பெற்ற நாய்களின் வாரிசுகளுக்கு மட்டுமே அடுத்த பதிவில் இடம் என்ற விதி, இனத்தின் கதவை மூடியது. கண்காட்சியில் வென்ற ஒரே ஆண் நாயிடம் நூற்றுக்கணக்கான பெட்டைகளைக் கொண்டுவருவது பெருமையாயிற்று. அதனிடம் மறைந்திருந்த குறை ஒன்று சில தலைமுறைகளில் இனம் முழுவதற்கும் பரவ இதைவிட வேறு வழி தேவையில்லை. அந்த முறைமையின் இந்தியக் கிளைக்குச் சென்னை வெறும் ஒரு நகரமல்ல. இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் இங்குதான் இயங்குகிறது; மெட்ராஸ் கேனைன் கிளப்பின் கண்காட்சிகளுக்கு நாடெங்கிலுமிருந்து போட்டியாளர்கள் வருகின்றனர். நாய் வணிகத்தில் பேப்பர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பதிவுச் சான்றிதழ், மூன்று தலைமுறை முன்னோரின் பெயர்களையும் அவற்றின் பட்டங்களையும் வாங்குபவருக்குத் தெரிவிக்கிறது. அந்த முன்னோரில் எதற்கு இடுப்பு மூட்டு நழுவியது, எது அறுவையின்றி ஈன முடியாமல் இருந்தது, எது ஐந்து வயதில் இறந்தது என்பவற்றுக்கு அதில் இடமில்லை.

பேப்பர் இல்லாத குட்டிகளின் நிலை இதைவிடச் சிறந்ததன்று. பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், வீட்டின் பின்கட்டில் இரண்டு மூன்று பெட்டைகளை வைத்துக் குட்டி விற்பவர்களிடமும் கைமாறும் லாப்ரடார்களும் ஜெர்மன் ஷெப்பர்டுகளும் யாருடைய வாரிசு என்பது பெரும்பாலும் விற்பவருக்கே தெரியாது. தாய்ப்பால் மறக்கும் முன்பே பிரிக்கப்படும் குட்டி பார்வோ நச்சுயிரிக்கு எளிதில் இரையாகிறது. பிழைத்தது வளர்ந்து, மொசைக் தரையில் கால் வழுக்கி வழுக்கி நடக்கையில், பிறவியிலேயே ஆழமற்றதாக அமைந்த இடுப்புக் குழியும் தொடையெலும்பின் தலையும் உராய்ந்து மூட்டு தேய்கிறது. இந்த இடுப்பு மூட்டுக் குறைபாடு மரபுவழி வருவது. பெற்றோரின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பெருமளவு முன்கூட்டியே அறியத்தக்கது. எடுப்பவர்கள் மிகச் சிலரே.

இந்தியாவில் விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் குற்றமாக வரையறுத்த சட்டம் அடையாற்றோடு நெருங்கிய தொடர்புடையது என்பது இங்கு நினைக்கத்தக்கது. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட பின், விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே முழுமையான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அவ்வாறு பிறந்ததே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின்படி 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைமை ஏற்றார்; வாரியம் 2018 வரை சென்னையிலிருந்தே இயங்கியது.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு கொடுமைகளை வரிசைப்படுத்துகிறது: அடித்தல், உதைத்தல், தாங்க முடியாத சுமையேற்றுதல், பட்டினி போடுதல், ஒடுங்கிய கூண்டில் அடைத்தல், உறுப்பைச் சிதைத்தல். அந்தக் காலத்துக்கு இது துணிவான பட்டியல்தான். ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் ஏற்கெனவே உயிரோடிருக்கும் ஒரு விலங்கின் மேல் நிகழ்த்தப்படும் செயல் என்பதைக் கவனிக்க வேண்டும். உதைக்கப்படும் நாய்க்கு உதைக்கு முன் ஒரு வலியற்ற நிலை இருந்தது. பக்குக்கு அத்தகைய முன்நிலை எதுவும் இல்லை. நாசித் துளை ஒடுங்கியிருப்பதற்குக் காரணமான செயல், எந்த ஆணை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்ற தேர்வு, அந்த நாய் கருவில் உருவாகும் முன்பே முடிந்துவிட்டது. சட்டத்தின் பார்வைக்கு மட்டுமல்ல, பொதுவான ஜீவகாருண்ய உணர்வுக்கும் இது எட்டாமல் நழுவுகிறது. பசித்த உயிருக்கு உணவிடவும் அடிபட்ட உயிருக்கு மருந்திடவும் பழகிய தமிழ் மனத்துக்கு, நன்றாக ஊட்டப்பட்டு மெத்தையில் உறங்கும் நாயைப் பார்த்து அதற்குத் தீங்கு இழைக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்க எந்தக் குறிப்பும் கிடைப்பதில்லை. தீங்கை உணவிலும் அடியிலும் தேடும்வரை அது தென்படாது. உடலின் அமைப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

2017 மே மாதம் நடுவண் அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் இந்த இடைவெளியை ஓரளவுக்கு நிரப்ப முயன்றன. இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றும், பெட்டை நாயை 18 மாதங்களுக்கு முன் இணைசேர்க்கக் கூடாது என்றும், ஆண்டுக்கு ஓர் ஈற்று, வாழ்நாளில் ஐந்து ஈற்றுகள் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்றும், எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளை விற்கக் கூடாது என்றும் அவை விதிக்கின்றன. தாய் நாயின் உடலைக் காப்பதில் இவை மதிப்புமிக்கவை. எனினும் எத்தனை குட்டி, எந்த வயதில் என்பதை ஒழுங்குபடுத்தும் இவ்விதிகள், எத்தகைய முகத்தோடு குட்டி பிறக்கலாம் என்பதற்கு அளவுகோல் எதையும் தரவில்லை. பதிவுபெற்ற, தூய்மையான, எல்லாக் கணக்கும் எழுதிவைத்த ஒரு கென்னலில் ஒவ்வோர் ஈற்றிலும் மூச்சுத் திணறும் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்க முடியும்.

நெதர்லாந்து இந்த அளவுகோலைத்தான் வகுத்தது. அங்கு 2014இல் நடைமுறைக்கு வந்த விதி, பெற்றோருக்கோ குட்டிக்கோ கேடு விளைவிக்கும் இனப்பெருக்கத்தைத் தடுத்தது. 2019 முதல், மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்த நாயைக் கொண்டு இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று அவ்விதிக்கு எண்ணளவில் பொருள் தரப்பட்டது. நார்வேயில் விலங்குநல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் ஓஸ்லோ நீதிமன்றம் 2022இல் ஆங்கிலப் புல்டாக், கவலியர் என்னும் ஸ்பானியல் ஆகிய இரண்டு இனங்களின் இனப்பெருக்கத்தையும் சட்ட விரோதம் என்றது; மேல்முறையீட்டில் புல்டாகுக்கு விலக்குக் கிடைத்தாலும், 2023இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் கவலியரைப் பொறுத்தவரை தடையை நிலைநிறுத்தியது. இரண்டு நாடுகளிலும் கேள்வி நாயின் உடலைப் பற்றியதாகவே இருந்தது.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு இந்த விவாதம் வேறு வாயில் வழியாக நுழைந்தது. அவ்வாண்டு மார்ச்சில் நடுவண் கால்நடைத் துறை, மூர்க்கமானவை என்று கருதிய 23 இனங்களைத் தடைசெய்யுமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அக்கடிதம் நீதிமன்றங்களில் நிற்கவில்லை. மே மாதத்தில் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய நிகழ்வு நகரத்தை உலுக்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியான தமிழ்நாடு நாய் இனப்பெருக்கக் கொள்கை, கடிக்கும் நாய்களோடு நில்லாமல், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், அலாஸ்கன் மாலமூட், பக், பிரெஞ்சு புல்டாக் முதலான சில இனங்கள் இம்மாநிலத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று கூறி அவற்றின் வணிக இனப்பெருக்கத்தை விலக்கியது. நாயின் துன்பத்தை ஒரு மாநில அரசு தடைக்குக் காரணமாகச் சொன்னது பாராட்டத்தக்கது. இனப்பெருக்குவோர் தரப்பிலிருந்து அது நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டதும் எதிர்பார்க்கத்தக்கதே.

ஆயினும் அந்தப் பட்டியலின் தருக்கத்தில் ஒரு நெகிழ்வு இருக்கிறது. ஹஸ்கியின் இரட்டை மயிர்ப்போர்வை சைபீரியக் குளிருக்குப் பொருத்தமானது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் அது சுமை. அந்த நாய்க்குத் தீங்கு செய்வது இடப்பெயர்ச்சி. பக்கின் மூக்கு எந்த நாட்டின் தட்பவெப்பத்துக்கும் பொருத்தமானதன்று. லண்டனின் குளிரிலும் அது திணறுகிறது. இரண்டையும் ‘அயல்நாட்டு இனம், நம் வெயிலுக்கு ஆகாது’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வைக்கும்போது, குறை அயல்தன்மையில் இருப்பதாகவும், நாட்டு இனமாக இருந்துவிட்டால் குறை நீங்கிவிடும் என்றும் ஓர் எண்ணம் பிறக்கிறது. தமிழகத்தின் நாட்டு நாய்களுக்கு இந்த எண்ணம் ஆபத்தானது.

இதற்குத் தென்சென்னையிலேயே நடந்த முன்நிகழ்வு ஒன்று உண்டு. தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நாட்டு இனங்களைத் தூய்மையாகக் காக்கும் நோக்கத்துடன் 1980களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை அமைத்தது. தனியார் வணிகத்தின் பேராசை இல்லாத, அரசின் கால்நடை மருத்துவர்கள் அருகிலேயே இருந்த, குறைந்த விலைக்குக் குட்டி கொடுத்த நிறுவனம் அது. இருந்தும், நாய்களின் பராமரிப்பு பற்றி விலங்குநல அமைப்புகள் முறையிட்டு, விலங்குகள் நல வாரியத்தின் ஆய்வு குறைகளைச் சுட்டிக்காட்டி, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்று, 2016இன் இறுதியையொட்டி அப்பிரிவு மூடப்படும் நிலை வந்தது. சில வாரங்களில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்கான போராட்டம் எழுந்தபோது, நாட்டு மாடுகளைப்போலவே நாட்டு நாய்களையும் அழிக்கச் சதி நடக்கிறது என்ற பேச்சுக்குச் சைதாப்பேட்டை ஒரு சான்றாகக் காட்டப்பட்டது. அந்த வேதனையில் உண்மை இல்லாமல் இல்லை. இனங்கள் அழிந்தால் திரும்பி வாரா. ஆனால் இனத்தைக் காப்பதும், அந்த இனத்தைச் சேர்ந்த தனித்தனி நாய்களைக் காப்பதும் ஒன்றல்ல என்பதைச் சைதாப்பேட்டையின் கூண்டுகள் அப்போதே காட்டிவிட்டன.

ராஜபாளையம் இனத்தைப் பற்றி இங்கு விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் பொன்னிறக் கண்ணுமே அதன் உயர்ந்த இலக்கணம் என்று பாராட்டப்பட்டுவந்துள்ளன. ஓர் ஈற்றில் வேறு நிறத்தில் பிறந்த குட்டிகள் கொல்லப்பட்டதும் உண்டு. நாய்களில் இத்தகைய வெண்ணிறம், தோலுக்கு நிறம் தரும் செல்கள் கருவளர்ச்சியின்போது உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் சென்று சேராததால் விளைவது. அதே வகைச் செல்கள் உட்செவியில் நத்தை வடிவில் உள்ள கேள்விக் குழலுக்கும் தேவைப்படுகின்றன. அங்குள்ள திரவத்தின் வேதிச் சமநிலையை அவையே பேணுகின்றன. அவை இல்லாத செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் அழிந்துபோகின்றன. வெண்மை மிகமிக, செவிட்டுத்தன்மை கூடும் வாய்ப்பும் மிகுகிறது. ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவது வளர்ப்போர் அறிந்த செய்திதான். காவலுக்குப் பெயர்பெற்ற நாய், படியேறி வருபவரின் காலடியைக் கேளாததாகப் பிறக்கிறது. அதற்குக் காரணம் வெயிலும் அன்று, அயல்நாட்டுக் கலப்பும் அன்று, வெண்மையின் மேல் வைக்கப்பட்ட மதிப்பு மட்டுமே.

சிப்பிப்பாறையும் கன்னியும் இதற்கு மாறான வழியில் வந்தவை. கரிசல் காட்டில் முயலைத் துரத்திப் பிடிக்க வேண்டிய நாய்க்கு நீண்ட கால், ஆழ்ந்த நெஞ்சு, அகன்ற மூச்சுவழி ஆகியவை இல்லாவிட்டால் அதை அடுத்த ஈற்றுக்கு யாரும் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். வேலையே அங்குச் சோதனையாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டையைக் குற்றமாக்கியது. முயலின் கோணத்தில் அது நியாயமே. ஆனால் அதன் விளைவாக, அந்நாய்களைத் தேர்ந்தெடுக்க எஞ்சியிருப்பது தோற்றம் மட்டும்தான். 2005இல் ராஜபாளையம் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. தேசிய விலங்கு மரபுவள அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறையாக இனங்களாகப் பதிவுசெய்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் தமிழக நாட்டு நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். தேவை உயர, பதிவேடு திறந்து பின் மூடிக்கொள்ள, கண்காட்சி வளையத்தில் பட்டங்கள் வழங்கப்பட, பக் கடந்துவந்த பாதையின் முதல் படிகள் ஒவ்வொன்றாக இங்கும் அமைந்துவருகின்றன. எண்ணிக்கையில் ஏற்கெனவே சிறிய இனங்களில் அந்தப் பாதையின் முடிவு இன்னும் விரைவில் வந்துசேரும்.

இந்த விமர்சனத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று ஆழமானது. மூச்சுத்தடை உள்ள அந்தப் பக், வேறு பெற்றோரைத் தேர்ந்திருந்தால் பிறந்தே இருக்காது. வேறொரு நாய்தான் பிறந்திருக்கும். துன்பங்கள் இருந்தாலும் வாழத்தக்க வாழ்வு ஒன்றைப் பெற்ற அதற்கு, பிறப்பித்ததால் எப்படித் தீங்கு செய்ததாகும்? 1984இல் டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கில மெய்யியலாளர், வருங்கால மனிதத் தலைமுறைகளைப் பற்றி எழுப்பிய புதிரின் சாயல் இது. இதற்கு விடை காண, தீங்கு என்பது குறிப்பிட்ட ஓர் உயிரை முன்னைவிடக் கீழான நிலைக்குத் தள்ளுவது மட்டும்தான் என்ற கருத்தை விட்டுவிட வேண்டியிருக்கிறது. எந்த உயிரைப் பிறப்பிப்பது என்ற தேர்வு மனிதர் கையில் முழுமையாக இருக்கும்போது, நன்றாக மூச்சுவிடும் நாயைப் பிறப்பிக்க முடிந்தும் திணறும் நாயைப் பிறப்பிப்பவர், பிறந்த நாய் முறையிட முடியாது என்பதால் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. அதிலும், அந்தத் தேர்வின் பயன் நாய்க்கு இல்லை; குழந்தை முகம் போன்ற தோற்றத்தை விரும்பும் மனிதக் கண்ணுக்கே முழுவதும். காட்டு விலங்கின் உடலைக் காடு வடிக்கிறது, அதற்கு யாரும் பொறுப்பல்ல. சாதி நாயின் உடலை மனித விருப்பம் வடிக்கிறது என்பதாலேயே அவ்வுடலின் ஒவ்வொரு குறையும் அறவியல் கேள்வியாகிறது.

இனத்தின் தூய்மை கெட்டுவிடும் என்பது மற்றொரு மறுப்பு. டால்மேஷன் இனத்தின் வரலாறு இதற்குத் தெளிவான விடை. அந்த இனத்தின் நாய்கள் அனைத்துக்கும் யூரிக் அமிலத்தை உடைக்கும் திறனில் மரபுக்குறை இருந்ததால், சிறுநீர்க் கற்கள் அவற்றை வாட்டிவந்தன. இனத்துக்குள் எங்கு தேடியும் நல்ல மரபணு கிடைக்கவில்லை. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் டால்மேஷனைப் பாயின்டர் இன நாய் ஒன்றுடன் ஒரே ஒரு முறை கலப்புசெய்து, அதன் வாரிசுகளைத் தலைமுறை தலைமுறையாக மீண்டும் டால்மேஷன்களோடு சேர்த்துவந்தார். பத்துப் பன்னிரண்டு தலைமுறைகளுக்குப் பின் அந்நாய்களைப் பார்வையால் வேறுபடுத்தவே முடியவில்லை. நோய் மட்டும் இல்லை. இருந்தும், அவற்றைப் பதிவேட்டில் சேர்க்க இனக் கழகங்கள் பல பத்தாண்டுகள் மறுத்து, பிரிட்டனில் 2010இலும் அமெரிக்காவில் 2011இலும்தான் இடம் கொடுத்தன. நோயைத் தீர்க்கும் அறிவு கைவசம் இருந்தும் 30 ஆண்டுகளுக்கும் மேலாக நாய்கள் கல்லடைப்பால் துன்புற்றதற்கு, தூய்மை என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் காட்ட முடியாது. எந்த உயிரினத்திலும் தூய வம்சம் என்பது எழுதிவைக்கப்பட்ட ஏட்டில்தான் இருக்கிறது. சாதித் தூய்மை பற்றிய பேச்சு மனிதருக்கு விளைவித்த தீங்கை நன்கறிந்த மண்ணில், அதே எண்ணத்தை நாயின் உடலில் மறுவிசாரணையின்றி ஏற்பது வருந்தத்தக்கது.

தமிழகத்தின் நாட்டு இனங்களுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ராஜபாளையத்தின் இலக்கணத்தில் வெண்மைக்குத் தரப்படும் முதன்மையை நீக்கி, மூக்கிலும் கண்ணிமையிலும் கருநிறம் கொண்ட நாய்களையும், உடலில் நிறத்திட்டுகளோடு பிறக்கும் குட்டிகளையும் சம உரிமையோடு பதிவேட்டில் ஏற்பதற்கு ஆய்வகம்கூடத் தேவையில்லை. குட்டிகளின் கேள்வித்திறனை, செவியின் அருகே ஒலியெழுப்பி மூளைத்தண்டின் மின்துடிப்பை அளக்கும் சோதனையால் ஐந்து வார வயதிலேயே இரு செவிகளுக்கும் தனித்தனியே உறுதியாக அறிய முடியும். கையைத் தட்டிப் பார்க்கும் வழக்கமான முறை ஒரு செவி மட்டும் கேளாத குட்டியைக் கண்டுபிடிப்பதில்லை, அத்தகைய குட்டி வளர்ந்து அதே குறையை அடுத்த ஈற்றுக்குக் கடத்துகிறது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்ற 2017ஆம் ஆண்டு விதி ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதால், சோதனைக்கும் விற்பனைக்கும் இடையே மூன்று வார அவகாசம் சட்டப்படியே இருக்கிறது. அந்த அவகாசத்துக்குள் எடுத்த முடிவு, பெற்றோர் இரண்டின் சோதனை முடிவுகளோடு சேர்த்துப் பதிவுச் சான்றிதழில் பட்டங்களுக்கு மேலே அச்சிடப்பட வேண்டும். அது இல்லாத குட்டியைப் பதிவுசெய்ய மறுக்கும் அதிகாரம், சென்னையிலேயே தலைமையகம் கொண்ட கென்னல் கிளப்புக்கு இன்றே உண்டு.